மடி என்னும் ஒரு சொல்

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் என்னைக் காண்போர் அனைவரும் ஒரே வினாவைக் கேட்கின்றனர்: "ஐயாவுக்கு இதயத்துல அடைப்புங்களா?" இல்லை என்று தலையசைத்தால், "அப்ப ஓட்டைங்களா?" என்கின்றனர். அடைப்பு, ஓட்டை என்னும் இரண்டைத் தவிர இதயத்துக்கு மூன்றாவது கேடும் வரலாம் என்பதை நின்றபடியே விளக்கும் மூச்சு இப்போது என்னிடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன். படிப்பவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

நான் முப்பத்தோராண்டு தமிழாசிரியனாகப் பணியாற்றியவன். ஓய்வுக்குப் பின், அறிவியல் கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடி எழுதும் வேலையை எனக்கு நானே வகுத்துக்கொண்டேன். அவ்வாறு எழுதிய குறிப்பேடுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பிறமொழிச் சொல் ஒன்று என் பேச்சில் வழுவிவிட்டால் அன்றைக்கு எனக்கு உணவு செரியாது. நோய் வரலாற்றில் இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

முதலில் கால்தான் அறிவித்தது. கிளை நூலகத்தின் பதினொரு படிகளை ஏறியதும் மூச்சு வாங்கியது. அகவையின் விளைவென்று எண்ணினேன். பின்னர் மாலைதோறும் செருப்பின் வார் புறங்காலில் பள்ளம் பதித்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, நெடுநேரம் கழித்தே நிரம்பியது. என் மனைவி கமலம் ஒருநாள் குனிந்து அக்குழியைப் பார்த்தாள்.

"ஏங்க, இது உங்கப்பாவுக்கு வந்த மாதிரியே இருக்குதுங்க."

மறுநாள் காலையில் தருமபுரிக்குப் புறப்பட்டோம்.

தருமபுரியில் நாங்கள் கண்ட இதய மருத்துவர் முப்பத்தைந்து அகவை மதிக்கத்தக்க பெண்மணி. இதயத்தின் மின் துடிப்பைத் தாளில் அலையாக வரையும் ஆய்வை முதலில் செய்தார். அடுத்து, நெஞ்சின்மீது ஒரு கருவியை வைத்து, ஒலியலைகளைச் செலுத்தி, இதயத்தின் உருவைத் திரையில் கண்டார். தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மருத்துவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மிக நீண்டது என்பதை நோயாளியாக இருந்தவர் அனைவரும் அறிவர்.

"இதயச் சுவர் தடிச்சிருக்குங்க ஐயா. தசை தடிச்சா இ.சி.ஜி.ல அலை பெருசா வரணும். உங்களுக்குச் சின்னதா வருது. ரெண்டும் ஒத்துப்போகலை."

"ஒத்துப்போகாவிட்டால் என்ன பொருள்?"

"தடிச்சிருக்கிறது தசையே இல்லையோன்னு ஒரு சந்தேகம்." அடுத்து, தொடர்பே இல்லாத ஒன்றைக் கேட்டார்: "மணிக்கட்டுல எப்பவாவது ஆபரேஷன் நடந்துதுங்களா?"

ஏழாண்டுகளுக்கு முன் என் இரு கைகளின் விரல்களும் மரத்துப்போய், மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருக்கிறது என்று அறுவை செய்தார்கள். சுண்ணக்கட்டி பிடித்துப் பிடித்துக் கை கெட்டது என்று நானும், கேட்டவர்களும் நம்பியிருந்தோம். என் இரு கைகளையும் திருப்பிக் காட்டினேன். வெளிறிய இரு கோடுகளையும் மருத்துவர் தம் பெருவிரலால் தடவினார்.

"இங்க படிஞ்சதுதான் இப்ப இதயத்துலயும் படியுதோ என்னவோ. பெங்களூர் போய் ஒரு ஸ்கேன் எடுக்கணும். அதுக்கு முன்னாடி இந்த நீரை வடிச்சிடலாம், நாலு நாள் படுங்க."

அந்த நான்கு நாள்களும் நீரின் நாள்களே. நீர் போக்கும் மருந்தைக் குருதிக்குழாயில் ஏற்றினர். குடிப்பதற்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கமலம் ஒரு சொம்பில் அளந்து வைத்தாள். உப்பை அறவே நிறுத்தச் சொன்னார்கள். உப்பில்லாத களியை உண்பது எத்தகையது என்பதைத் தருமபுரி மாவட்டத்தவர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் முகம் சுளித்தேன். இரண்டாம் நாள், அவள் தனக்கென வைத்திருந்த உருண்டையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயிலிட்டேன். அதிலும் உப்பில்லை.

"உனக்கென்ன வந்தது? நீ போட்டுக்கொள்ளலாமே?"

"ரெண்டு தடவை கிண்டறதுக்கு இங்க அடுப்பு எங்கிருக்குதுங்க? சாப்பிடுங்க" என்று பேச்சை முடித்துவிட்டாள். களி எங்கள் உறவினர் வீட்டிலிருந்து வந்தது; அங்கே நான்கு அடுப்புகள் உண்டு.

மூன்றாம் நாள் பிற்பகலில் ஜமீலா ஆசிரியை பார்க்க வந்தார். என்னோடு ஒரே பள்ளியில் உயிரியல் கற்பித்து, எனக்கு ஈராண்டு முன்னர் ஓய்வு பெற்றவர், தருமபுரியிலேயே குடியிருப்பவர். என் குறிப்பேடுகளில் உயிரியல் சொற்கள் அனைத்தும் அவரோடு சண்டையிட்டுப் பெற்றவை. மருத்துவர் ஐயுறுவது எதை என்று கமலம் தாளைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிப் படித்து, "புரோட்டீன் தப்பா ஃபோல்டு ஆகி இதயத்துல படியுதான்னு பாக்கச் சொல்றாங்க" என்றார்.

"புரதம் என்பது பருப்பிலும் முட்டையிலும் இருப்பதன்றோ? அது எப்படி இதயத்தைக் கெடுக்கும்?"

"அது தின்கிற புரதம், தமிழய்யா. இது உங்க உடம்பே செய்யுறது." கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தார். "அமினோ அமிலம்னு இருபது வகை. அதைக் கோத்துக் கோத்து நீளமா ஒரு சங்கிலி. எல்லாப் புரோட்டீனும் அவ்வளவுதான்."

"எழுத்துகள் சேர்ந்து சொல்லாவதைப் போல. நமக்கு மெய்யெழுத்துப் பதினெட்டு. நீங்களும் பதினெட்டாக..."

"இருபதுங்க. உங்க இலக்கணத்துக்காக நான் ரெண்டு பேரை வெளிய அனுப்ப முடியாது."

கமலம் சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் சிரித்தார்.

சங்கிலி நீண்டு கிடந்தால் பயனில்லை, அது ஓர் உருவாகச் சுருண்டு மடிந்தால்தான் வேலை செய்யும் என்றார். யார் மடித்துவிடுகிறார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்டுல மழை வருதுன்னு வெச்சுக்குங்க. ஒரே ஒரு கூரை. குடை வெச்சிருக்கிறவங்க ஓரத்துல நிப்பாங்க. குடை இல்லாதவங்க இடிச்சுத் தள்ளிக்கிட்டு நடுவுல போயிடுவாங்க. யாராச்சும் வரிசைப்படுத்தினாங்களா? மழையே வரிசைப்படுத்திருச்சு. உடம்புக்குள்ள எங்க பாத்தாலும் தண்ணி. தண்ணி ஆகாத அமினோ அமிலம் எல்லாம் உள்ள போய் ஒண்டிக்கும். ஆவுறது வெளிய நிக்கும். அதுல கூட்டல் மின்னேத்தம் இருக்கிறவன் கழித்தல் இருக்கிறவனைத் தேடிப் போவான். கிளைசின்னு ஒருத்தன், ரொம்பச் சின்னவன், எப்படி வேணா வளைவான். புரோலின் விறைப்பானவன், அவன் நிக்கிற இடத்துல சங்கிலி முட்டி மாதிரி திரும்பிடும். சிஸ்டீன் ரெண்டு பேர் பக்கத்துல வந்தா கையப் புடிச்சிக்குவாங்க, விட மாட்டாங்க. இத்தனை பேரோட குணமும் சேந்துதான் கடைசில ஒரு உருவம்."

என் வாழ்நாள் முழுதும் நான் கற்பித்தது இதுவேயன்றோ என்று எனக்குத் தோன்றியது. எழுத்தும் எழுத்தும் அடுத்து நின்றால் எது தோன்றும், எது திரியும், எது கெடும் என்பது அவ்வவ்வெழுத்தின் இயல்பைப் பொறுத்தது. என் உடலும் ஒரு புணர்ச்சி இலக்கணத்தால் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதில் எங்கோ வழு நேர்ந்திருக்கிறது. அச்சத்தினூடே ஒரு மகிழ்ச்சி எழுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, ஃபோல்டிங் என்பதற்கு நேராக 'மடிதல்' என்று எழுதினேன்.

ஜமீலா ஆசிரியை எட்டிப் பார்த்தார். "மடிப்புன்னு போடுங்களேன். மடிதல்னா செத்துப்போறதும் வருதே."

"இடம் நோக்கிப் பொருள் கொள்வார்கள்" என்றேன். அவ்வாறு சொன்ன குரல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. இப்போது அது எனக்கு இனிமையாக இல்லை.

பத்து நாள் கழித்து, காலைத் தொடர்வண்டியில் பெங்களூர் சென்றோம். அங்கே ஆய்வுக்கூடத்தின் காத்திருப்பு அறையில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தன. எலும்பைத் தேடிச் செல்லும் கதிரியக்க மருந்து ஒன்றை ஊசியால் ஏற்றி, மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு படமெடுத்தால் எலும்புகள் ஒளிரும். இதயம் ஒளிரக் கூடாது. என் படத்தில் விலா எலும்புகளைவிட இதயம் மிகுதியாக ஒளிர்ந்தது. இடையே, இதே போன்ற படிவை உண்டாக்கும் வேறொரு குருதி நோய் இல்லை என்பதைக் குருதியிலும் சிறுநீரிலும் ஆய்ந்து உறுதி செய்தனர்.

அங்கிருந்த மருத்துவர் கன்னடம் தோய்ந்த தமிழில் பொறுமையுடன் விளக்கினார். கல்லீரலில் உருவாகிக் குருதியில் சுற்றிவரும் புரதம் ஒன்று. தைராய்டுச் சுரப்பையும் உயிர்ச்சத்து ஒன்றையும் சுமந்து செல்வது அதன் தொழில். நான்கு சங்கிலிகள் தனித்தனியே மடிந்து, பின் நால்வரும் கைகோத்து நிற்பதே அதன் உருவம். கை தளர்ந்து பிரிந்தால் ஒவ்வொன்றும் தன் உருவை இழக்கும். உள்ளே ஒண்டியிருக்க வேண்டிய, நீருக்கு ஆகாத பகுதிகள் வெளியே வந்துவிடும். அப்படி வெளியே வந்தவை ஒன்றோடொன்று ஒட்டி, இழை இழையாக அடுக்கி, மணிக்கட்டிலும் இதயச் சுவரிலும் படியும். என் சுவர் தடித்தது இவ்வாறுதான்.

"கை விடாம புடிச்சு வெக்க மாத்திரை இருக்கு. படிஞ்சதை எடுக்காது, இனி படியறதைக் குறைக்கும். நீங்க சீக்கிரம் வந்திருக்கீங்க." பிறகு தாளைப் புரட்டினார். "இதுல ரெண்டு வகை சார். ஒண்ணு, வயசுல தானா வர்றது. இன்னொண்ணு பரம்பரையா வர்றது. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அதனால ஒரு அமினோ அமிலத்துக்குப் பதில் வேற ஒண்ணு வந்து உக்காந்திருக்கும். மரபணு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும். உங்களுக்குக் குழந்தைங்க?"

"ஒரே மகள். ஓசூரில் இருக்கிறாள்."

"பரம்பரை வகையா இருந்தா அவங்களுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரிசல்ட்டுக்கு மூணு வாரம் ஆகும். குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்துதா, கேட்டு வைங்க."

இதுவரை என் நோயைப் பற்றி நான் அஞ்சியதெல்லாம் அச்சமே அன்று. என் மகள் யாழினி, எட்டாண்டு காத்திருப்புக்குப் பின் கருவுற்று, ஐந்தாம் திங்களில் இருந்தாள். ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதுபவன் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதினால், அவன் எழுதிய படியைப் பார்த்து எழுதுபவனும் அப்பிழையையே எழுதுவான். என் தந்தைக்குக் கால் வீங்கியது, எனக்கு வீங்குகிறது, யாழினி எழுதப்பட்டுவிட்டாள், அவள் வயிற்றில் அடுத்த படி உருவாகிக்கொண்டிருக்கிறது. திரும்பும் வண்டியில் கமலம் உப்பில்லாத இட்டிலியைப் பிட்டுக் கொடுத்தாள். அதைத் தாளில் பொதிந்து பையிலேயே வைத்தேன்.

"முடிவு வரும்வரை யாழினிக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"நான் எங்கங்க சொல்லப் போறேன்" என்றாள்.

தந்தையின் இறுதிக் காலத்தை அறிந்தவர் என் அக்கா பொன்னம்மாள் ஒருவரே. பாப்பாரப்பட்டியில் இருக்கிறார், எழுபத்தாறு அகவையிலும் இரண்டு கறவை மாடுகளைத் தாமே பார்ப்பவர். மறுநாள் அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். என் நோயை விளக்கி, "புரதம் தவறாக மடிகிறது அக்கா. மடியில் நேர்ந்த கோளாறே நோய்க்குக் காரணம். அப்பாவுக்கும் இதுவே இருந்ததோ என்று அறிய வேண்டும்" என்றேன்.

மறுமுனையில் அக்கா கேட்டார்:

"மடி நோயா?"

"ஆம் அக்கா, ஒருவகையில்."

"சரி சாமி, நீ பயப்படாத. நான் வரேன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு மணி நேரத்தில் பேருந்தைப் பிடித்து வந்து இறங்கினார். கையில் ஒரு பை. அதில் வேலியோரத்துச் சோற்றுக்கற்றாழை மூன்று மடல், மஞ்சள் தூள் ஒரு பொட்டலம், வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு சிமிழ். செருப்பைக் கழற்றுமுன்பே கமலத்திடம் சொன்னார்: "ஏம்மா கமலம், இதை மிக்ஸியில போட்டு அரைச்சு எடுத்தா. நம்ம செவலைக்குப் போன மாசம் மடி வீங்கிக் கல்லாட்டம் ஆயிருச்சு, அஞ்சே நாள், தடவத் தடவ எறங்கிருச்சு."

கமலம் என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன்.

"எங்கடா தம்பி வீங்கியிருக்குது? நெஞ்சுலயா? ஆம்பளைக்கு எப்படிடா இது வந்துது? டாக்டரு சொல்றப்ப சிரிக்கலையா?"

மாட்டின் பால் மடி வீங்கும் நோய்க்கு எங்கள் பக்கத்தில் மடி நோய் என்றே பெயர். கறவை மாடு வைத்திருக்கும் அனைவரும் அறிந்த சொல். அதை அறியாதவன் போல நான் பேசியிருக்கிறேன். அது இல்லை என்று நான் விளக்கி முடித்ததும், அக்கா கற்றாழையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டார். "ஏன்டா, நீ படிச்சது எல்லாம் சரி. ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருந்தா எந்த அர்த்தம்னு சேத்துச் சொல்லக் கூடாதா? பஸ்ஸுல வர்றப்ப பக்கத்துல உக்காந்தவகிட்டகூடச் சொல்லிட்டேன், என் தம்பிக்கு மடி நோயின்னு. அவ எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டா."

மூவரும் சிரித்தோம். பெங்களூரிலிருந்து திரும்பியபின் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் தந்தையைப் பற்றிக் கேட்டேன். அக்கா என் காலைப் பார்த்தபடியே சொன்னார். அப்பாவுக்கும் கால் இப்படித்தான் வீங்கியது. கடைசி ஆண்டில் கிணற்றுப் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவார். மூச்சு வாங்கும். எந்த மருத்துவரும் பெயர் சொல்லவில்லை.

"கை மரத்ததா அக்கா?"

"அது தெரியலை சாமி." தம் வலக் கையை நீட்டி, விரல்களை மடக்கி நீட்டினார். "எனக்கு மரக்குது. இந்த ரெண்டு மாசமா. காம்பைப் புடிச்சா புடிச்சது தெரிய மாட்டேங்குது. முந்தாநாளு பால் கேனை நழுவ விட்டுட்டேன்."

அவர் அதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். தந்தைக்குக் கால், அக்காவுக்குக் கை, எனக்கு இரண்டும். இனிச் சோதனையின் முடிவு எதற்கு என்று தோன்றியது. சுவடியின் மூன்று படிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால் அது மூலத்திலிருந்து வந்ததென்று எந்தப் பதிப்பாசிரியனும் முடிவு கட்டுவான்.

எஞ்சிய நாள்களில் யாழினி மாலைதோறும் கைப்பேசித் திரையில் வந்தாள். குழந்தை உதைப்பதைச் சொன்னாள். தூய தமிழ்ப் பெயர்களாகப் பத்து எழுதி அனுப்பச் சொன்னாள். "அப்பா, கூப்பிட முடியற பேரா இருக்கணும். என் பேரையே பாதிப் பேர் யாலினின்னுதான் சொல்றாங்க." நான் சிரித்தேன். திரையில் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பையைச் சரியாகப் பிடிக்கிறாளா, எதையேனும் நழுவவிடுகிறாளா என்று. முப்பத்தாறு அகவைப் பெண்ணின் கையில் நோய் தேடும் தந்தைக்கு வேறு எந்த மருத்துவமும் பயன்படாது. பெயர்ப் பட்டியலில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கு முந்திய நாளான ஒரு காரிக்கிழமை பிற்பகல், மருத்துவமனையிலிருந்து கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஆங்கிலத்தில் இரண்டே வரி. முடிவு: 'வைல்டு டைப்'. செவ்வாய்க்கிழமை மருத்துவரைக் காண வருக.

மருத்துவமனை எண்ணுக்கு அழைத்தேன். இசை ஒலித்துக்கொண்டே இருந்து, தானே அடங்கியது. பிறரைக் கேட்கலாம் என்னும் எண்ணமே எனக்கு வரவில்லை. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் காண்பது என் தொழில் அன்றோ? வைல்டு என்றால் காடு சார்ந்தது, அடங்காதது, கொடியது. மருத்துவர் சொன்ன இரு வகைகளுள் அகவையில் தானாக வருவதை எவரும் கொடியது என்று பெயரிட மாட்டார். ஆகவே மற்றதுதான், அதிலும் அடங்காத வகை. குறிப்பேட்டில் 'கொடுவகை' என்று எழுதினேன். அத்தனை அச்சத்திலும் சொல் நன்றாக அமைந்திருக்கிறது என்று மனத்தின் ஒரு மூலை எண்ணியது. அதை நினைத்தால் இன்றும் நாணுகிறேன்.

யாழினியிடம் குரலால் சொல்ல எனக்குத் துணிவில்லை. நான்கு பக்கத்தில் ஒரு மடல் எழுதினேன். நோயின் இயல்பையும், சுவடிப் பிழை போல அது வழிவழியாக வருவதையும், அக்காவின் கை மரப்பதையும், பாதிக்குப் பாதி என்பதன் பொருளையும், அவள் உடனே செய்துகொள்ள வேண்டிய சோதனையையும் வரிசைப்படுத்தினேன். இறுதியில், அறியாமல் இப்பிழையை உனக்குப் பெயர்த்தெழுதிய தந்தையைப் பொறுத்துக்கொள் என்று முடித்தேன். உறைகூட இடாமல் நான்காக மடித்துக் கமலத்திடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் எதிர்வீட்டார் மகிழுந்தில் ஓசூர் செல்லவிருந்தனர். மகளுக்கென்று கமலம் கேழ்வரகு மாவும் பருப்புப் பொடியும் பையில் கட்டி வைத்திருந்தாள்.

"இதையும் உள்ளே வைத்துவிடு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பை போயிற்று. நான் சன்னல் வழியே மகிழுந்து திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணியளவில் வாயிலில் ஒரு முச்சக்கர வண்டி நின்றது. ஜமீலா ஆசிரியை இறங்கினார். பேருந்தில் வந்து, நிலையத்திலிருந்து அந்த வண்டியைப் பிடித்திருக்கிறார். உள்ளே வந்தவர் அமரவும் இல்லை.

"தமிழய்யா, அந்த மெசேஜைக் காட்டுங்க."

காட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார், மீண்டும் படித்தார்.

"இதை என்னன்னு அர்த்தம் பண்ணீங்க?"

குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். அவர் நாற்காலியில் தொப்பென்று அமர்ந்தார்.

"கொடுவகையா? யா அல்லா. தமிழய்யா, வைல்டு டைப்புன்னா எங்க பாஷையில மாறாததுன்னு அர்த்தம். இயற்கையில எப்படி இருக்குமோ அப்படியே. உங்க ஏட்டுக் கணக்குல சொன்னா மூல பாடம். ஒரு எழுத்துகூட மாறலை. உங்க ஜீன்ல பிழையே இல்லை."

"பிழையில்லாவிட்டால் எனக்கு ஏன்..."

"வயசு. நல்லா மடிஞ்ச புரோட்டீன்தான். எழுபது வருசம் கை கோத்து நின்னு அலுத்துப்போச்சு. உங்களுக்கு வந்தது உங்களோட. யாழினிக்கு நீங்க எதையும் குடுக்கலை."

"அக்காவின் கை மரக்கிறதே?"

"எழுபத்தாறு வயசுல, ரெண்டு வேளையும் பால் கறக்கிற கை. மரக்காம என்ன செய்யும்? கூட்டிட்டு வாங்க, நரம்பு டாக்டர்கிட்டக் காட்டுவோம். எல்லாத்தையும் ஒரே சுவடியில சேக்காதீங்க."

என் கண் நிறைந்தது. அந்த நிறைவு அரை நொடிதான். மடலின் நினைவு வந்தது. மகிழுந்து இந்நேரம் கிருட்டிணகிரியைக் கடந்திருக்கும், ஓசூரையே அடைந்திருக்கும். யாழினி பையைப் பிரிப்பாள். முதலில் தாளைத்தான் எடுப்பாள். என் கையெழுத்தை அவள் என்றும் முதலில் படிப்பவள். கைப்பேசியைத் தேடி எழுந்தேன். எழுந்த விரைவில் கண் இருண்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மடல், கமலம். அவள் பிரிப்பதற்குள் அழைத்துச் சொல். பிரிக்க வேண்டாம் என்று சொல்."

"உக்காருங்க முதல்ல" என்று கமலம் என்னைத் தோளைப் பிடித்து அமர்த்தினாள். பிறகு திரும்பி நின்று, இடுப்பில் செருகியிருந்த புடவை மடியை அவிழ்த்தாள். வீட்டுச் சாவி, ஒரு மாத்திரை அட்டை, அவற்றின் அடியிலிருந்து நான்காக மடித்த அந்தத் தாள்கள்.

"இது போவலைங்க."

தாள்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு மேலும் சொன்னாள்:

"படிச்சேன். பாதி புரியலை. புரிஞ்ச பாதியை அஞ்சு மாசம் சுமக்கிறவளுக்கு அனுப்பறதுக்கு மனசு வரலை. தெரிஞ்சவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பலாம்னு மடியில வெச்சுக்கிட்டேன். ராத்திரியே டீச்சருக்குப் போன் பண்ணி, இதைப் படிச்சும் காட்டிட்டேன்."

ஜமீலா ஆசிரியை மேசைமீதிருந்த குறிப்பேட்டை எடுத்து, 'கொடுவகை' என்பதைத் தம் எழுதுகோலால் அடித்தார். அருகில் என்ன எழுதுவதென்று என்னைக் கேட்டார். எனக்கு ஒரு சொல்லும் தோன்றவில்லை. அவ்விடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

அப்போது கைப்பேசி ஒலித்தது. யாழினி. கமலம் ஒலியைப் பெருக்கி வைத்தாள்.

"அம்மா, பை வந்துருச்சு. ஏம்மா, பருப்புப் பொடியில உப்பே போடலையே?"

கமலம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போட மறந்துட்டேன் கண்ணு. கை பழகிப்போச்சு. நீயே போட்டுக்கோ." பிறகு என்னைப் பார்த்து, "உங்கப்பா பக்கத்துலதான் இருக்காரு. பேரு எழுதித் தர்றாராம்" என்றாள்.

பேசி முடித்தபின் கை நீட்டினேன். "அந்த மடலைக் கொடு. கிழித்துவிடுகிறேன்."

"இருக்கட்டும்" என்றாள். பழைய மடிப்பிலேயே அதை மடித்து, சாவியோடு மடியில் செருகிக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பை எடுத்து எனக்கு உரிய அளவைக் காட்டிவிட்டு, உலை வைக்கப் போனாள்.